மூன்றாம் ஓலை

எனக்குப் பெயர் ஞானம். வைத்தவர்கள் என்ன நம்பிக்கையில் வைத்தார்களோ தெரியாது. நாற்பத்தொரு வயதில், ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தின் ஆபீஸில் கிளார்க்காக உட்கார்ந்துகொண்டு, போனில் 'காரச்சட்னி' என்ற பெயரில் ஊர் ஆண்களை வறுத்துக்கொண்டிருந்தேன். பகலில் டி.சி. எழுதுவேன், வருகைப் பதிவேட்டைச் சரிபார்ப்பேன், "வாங்க சார், உட்காருங்க சார்" என்பேன். சாயங்காலம் கோரிப்பாளையத்தில் பஸ் நகராமல் நிற்கும்போது காரச்சட்னி ஆகிவிடுவேன். பத்தாயிரம் பேர் பின்தொடர்ந்தார்கள். அதில் ஒருவருக்குக்கூட நான் யாரென்று தெரியாது. எனக்கு அவ்வளவு வாய் வந்ததே அந்தத் தைரியத்தில்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

விஷயம் தொடங்கியது ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களின் நாலாவது ஞாயிற்றுக்கிழமை.

எங்கள் சபையில் ஒரு கல்யாணம் நடக்க வேண்டுமென்றால் அதற்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். மாப்பிள்ளை இன்னார், பெண் இன்னார், இவர்களைச் சேர்த்து வைக்கத் தடை இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று போதகர் கேட்பார். போதகரை நாங்கள் ஐயர் என்போம். எங்கள் ஐயர் பெயர் யேசுதாஸ். கேட்டுவிட்டு ஒரு மூச்சு விடும் நேரம் நிற்பார். மின்விசிறி சுற்றும். யாராவது இருமுவார்கள். பிறகு ஞாயிறு பள்ளிப் பரீட்சை, போன வாரம் யாரோ மறந்துவிட்டுப் போன குடை என்று அடுத்த அறிவிப்புகளுக்குப் போய்விடுவார். அந்த ஒரு மூச்சு நேரத்தில் ஒரு ஆள் எழுந்து நின்று நான் பார்த்ததே இல்லை.

அன்றைக்கு வாசித்தது ஜெர்சனுக்கும் ஷைலாவுக்கும் முதல் ஓலை. ஜெர்சன் எங்கள் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பவன். முப்பது வயது. மஸ்கட்டில் வேலை கிடைத்திருந்தது. ஷைலா திருப்பரங்குன்றத்தில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிற பெண், எங்கள் சபைக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. ஐயர் "தடை உண்டென்று அறிந்தவர்கள்" என்று சொன்ன நேரத்தில் என் பக்கத்தில் இருந்த ஆன்சி என் முன்கையைப் பிடித்தாள். பிடித்ததில் அவளுடைய நகம் இரண்டு பதிந்துவிட்டது. நான் திரும்பிப் பார்த்தபோது அவள் கண்ணை மூடி ஜெபம் பண்ணுகிற மாதிரி இருந்தாள்.

ஆன்சி எங்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். இருபத்தைந்து வயது. மறுநாள் மத்தியானம் பழைய மதிப்பெண் பதிவேடுகள் அடுக்கியிருக்கும் ரெக்கார்டு ரூமில் வைத்து அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"கைய இந்தப் பிடி பிடிச்சியே, என்னன்னு சொல்லாம நீ இங்கிட்டு இருந்து போக முடியாது."

அவள் சொன்னாள். ஜெர்சனோடு இரண்டு வருஷம் பழகியிருக்கிறாள். அவளுடைய போன் பாஸ்வேர்டு அவனிடம் இருந்தது. பாடகர் குழுவில் ஒரு பையனோடு சிரித்துப் பேசினாள் என்று அவளைக் குழுவை விட்டே நிறுத்தினான். திருப்பரங்குன்றம் ரயில்வே ஸ்டேஷன் படிக்கட்டில் வைத்து ஒரு தடவை அறைந்தான். போதும் என்று இவள் விலகியபோது, "போ. உன் போட்டோ எல்லாம் எங்கிட்ட பத்திரமா இருக்கு" என்று மட்டும் சொன்னானாம். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷமாக மாதம் ஒரு தடவையோ இரண்டு தடவையோ வாட்ஸப்பில் ஒரு புள்ளி அனுப்புகிறான். ஒரு எழுத்துக் கிடையாது, வெறும் புள்ளி. மறந்துவிடாதே என்பதற்காக.

போனைத் திறந்து காட்டினாள். புள்ளி, புள்ளி, புள்ளி. கீழே வரைக்கும் அதேதான். 

"ஷைலாட்ட நானே நேர்ல சொல்லணும்க்கா. மூணாவது ஓலைக்குள்ள. எங்க வச்சு, எப்படின்னு யோசிச்சிட்டு இருக்கேன். எங்கம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. அந்தப் போட்டோ அவங்க கண்ணுல பட்டுச்சுன்னா நான் செத்துருவேன். நீங்க யார்ட்டயும் மூச்சு விடக் கூடாது."

"நான் ஏன்டி சொல்லப் போறேன்" என்றேன்.

சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அன்று சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்தபோது கை சும்மா இருக்கவில்லை. என்னுடைய ஓலையும் பதினேழு வருஷத்துக்கு முன்னால் இதே சபையில் மூன்று தடவை வாசிக்கப்பட்டது. மூன்று தடவையும் மின்விசிறிதான் சுற்றியது. கல்யாணமாகி எட்டாவது மாதம், உடைந்த கையோடு நான் அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்தபோது சபைப் பெண்கள் மூன்று பேர் தனித்தனியாக வந்து பார்த்தார்கள். மூன்று பேரும் "அவன் சங்கதி எனக்கு அப்பவே தெரியும்" என்றார்கள். அப்பவே தெரிந்தவர்களுக்கு அப்பவே வாய் இருந்ததா இல்லையா? அந்தக் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை. தணிய வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதும் இல்லை.

ஆக, பாலத்துக்கும் கோரிப்பாளையம் சிக்னலுக்கும் நடுவே பஸ் நின்றுகொண்டிருந்த இருபது நிமிஷத்தில் எழுதினேன்:

"நேத்து எங்க சர்ச்சுல ஒரு ஓலை வாசிச்சாங்க. தடை இருந்தா சொல்லுங்கன்னு கேட்டாங்க. தடை பெண்கள் பக்கத்துலதான் உக்காந்திருந்துச்சு, கை நடுங்கிக்கிட்டு. அவ போட்டோவ வச்சு மெரட்டுறவன் மாப்பிள்ளையா நிக்கிறான். பொண்ணுங்களுக்குப் பாடச் சொல்லிக் குடுத்தீங்க, ஜெபம் பண்ணச் சொல்லிக் குடுத்தீங்க. எந்திரிச்சு நிக்க எப்பச் சொல்லிக் குடுக்கப் போறீங்க? #தடைஉண்டு"

பெயர் போடவில்லை. சபை போடவில்லை. என் கணக்கின் மேலே 'மதுரை, வெயில்' என்று மட்டும் இருக்கும். மதுரையில் எத்தனை சர்ச்சு, ஒவ்வொன்றிலும் வாரத்துக்கு எத்தனை ஓலை, எவன் கண்டுபிடிக்கப் போகிறான் என்று நினைத்தேன்.

அது பிடித்துக்கொண்டது. செவ்வாய்க்கிழமை காலையில் நான் எழுந்தபோது அந்த ஹேஷ்டேகில் நானூறு பேர் எழுதியிருந்தார்கள். மத்தியானம் அது நாலாயிரம். ஓலை என்றால் என்னவென்றே தெரியாத ஊர்ப் பெண்கள் எல்லாம் தடை சொன்னார்கள். பரவை மார்க்கெட்டில் வெங்காயக் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா, தன் மகளுக்குப் பேசிய மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்த கதையை எழுதினார். கல்யாண ஃபிளெக்ஸ் போர்டில் மாப்பிள்ளை முகத்துக்கு மேலே சிவப்பில் #தடைஉண்டு என்று எழுதிப் படம் போட்டார்கள். நான் டி.சி. எழுதிக்கொண்டே மேஜை டிராயரைத் திறந்து திறந்து போனைப் பார்த்தேன். சாப்பாடு இறங்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக என் சத்தம் எனக்கே கேட்டது போல இருந்தது.

புதன்கிழமை சண்டை ஆரம்பித்தது. சண்டை ஆண்களோடு மட்டும் என்றால் எனக்கு அது பழக்கம். இது எங்களுக்குள்ளேயே. யாரோ ஒருத்தி இன்னும் காரமாக #எந்தமாப்பிள்ளையும்வேண்டாம் என்று தொடங்கிவிட்டாள். அது கிண்டல்தான், எரிச்சலில் சொல்வது, பெண்களுக்கு எரிச்சல்படக்கூட அனுமதி இல்லையா என்றது ஒரு கட்சி. நம்மைத் திட்டுபவனுக்கு நாமே கம்பு எடுத்துக் கொடுக்கிறோம் என்றது இன்னொரு கட்சி. பெயர் சொல்லாமல் எழுதுவது கிசுகிசு என்றார்கள். பெயர் சொன்னால் அவதூறு என்றார்கள். கல்யாணப் பெண்ணும் ஒரு பெண்தானே, அவளை ஊர் சிரிக்க வைப்பதா பெண்ணியம் என்று ஒருத்தி கேட்டாள். அவளை முந்நூறு பேர் சேர்ந்து குதறினார்கள். நானும் போய் ஒரு கடி கடித்தேன்.

செல்லூரிலிருந்து 'தறிக்காரி' என்று ஒரு கணக்கு. எப்போதாவதுதான் எழுதும். அது என் பதிவுக்குக் கீழே எழுதியது: "எழுதினவளுக்கு ஒண்ணும் ஆகாது. யாரப் பத்தி எழுதினாங்களோ அவ வீட்டுக் கதவைத்தான் தட்டுவாங்க. அந்தப் பிள்ளையக் கேட்டுட்டு எழுதினீங்களா?"

நான் அவளை பிளாக் செய்தேன். செய்துவிட்டு ஒரு சிரிப்புப் பொம்மை வேறு போட்டேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

ஐந்தாவது ஞாயிறு. இரண்டாம் ஓலை. சர்ச்சுக்குள் நுழைந்ததுமே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. பெண்கள் பக்கத்தில் யாரும் பாட்டுப் புத்தகத்தைப் பார்க்கவில்லை. ஆளுக்கு ஆள் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். ஐயர் ஓலை வாசித்துவிட்டுத் "தடை" என்றபோது, எப்போதும் மூச்சு விடும் நேரத்தில் இந்தத் தடவை மூச்சுக்கூட விடவில்லை. சட்டென்று அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டார்.

வெளியே வந்ததும் பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர் ரெத்தினபாய் அக்கா என் காதில் சொன்னார்: "அந்த காரச்சட்னி எழுதினது நம்ம ஜெர்சனப் பத்தித்தானாம்ல?"

"அதுல பேரே இல்லையேக்கா. மதுரையில எம்புட்டு சர்ச்சு இருக்கு."

"கிறுக்கி, இது லெந்துடி! லெந்துல யாரு ஓலை வாசிக்கிறா? அவன் ஈஸ்டர் முடிஞ்சு மஸ்கட் போகணும்னு ஐயரைக் கெஞ்சி வாசிக்க வச்சான். மதுரை முழுக்க இந்த ஒரே ஓலைதான்."

 லெந்து நாற்பது நாளும் எங்களுக்குள் கல்யாணம் கிடையாது. ஈஸ்டருக்கு அப்புறம்தான் ஓலை என்றே பேச்செடுப்பார்கள். இதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பிறந்ததிலிருந்து இந்த நாட்களில் பூ வைக்காமல், கறி தின்னாமல் வளர்ந்தவள் நான். பெயரை மறைத்தேன், சபையை மறைத்தேன், தேதியை மறைக்கவில்லை. ஊரார் எல்லாருக்கும் அது வெறும் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஆட்களுக்கு அது ஜெர்சனின் முகவரி.

திங்கட்கிழமை முதல் மணி அடிப்பதற்கு முன்னால் ஆன்சி ஆபீஸுக்கு வந்தாள். முகம் வெளிறியிருந்தது. போனை என் மேஜையில் வைத்தாள். ஜெர்சன் இந்தத் தடவை புள்ளி அனுப்பவில்லை. "காரச்சட்னி நீதான்னு தெரியும். மூணாம் ஓலைக்கு முன்னாடி அத டெலீட் பண்ணு. இல்லைன்னா முதல் போட்டோ உங்கம்மாவுக்கு."

"நான் இல்லக்கா. சத்தியமா நான் எழுதல. யாருக்கா இது? நான் உங்களத் தவிர..." என்று தொடங்கி, சட்டென்று நிறுத்தி, "அவனே யார்ட்டயாவது ஒளறிட்டானா?" என்றாள்.

அவளுக்கு என் மேல் சந்தேகம் வந்து, அதை அவளே தள்ளிவிட்டதை நான் பார்த்தேன். அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? "இருக்கும், ஆம்பளைக வாய்ல என்ன நிக்கும்" என்றேன். சொல்லிவிட்டு எழுந்து போய் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு கொண்டுவந்து அவளுக்குக் கொடுத்தேன். அவள் குடித்துவிட்டு "தேங்க்ஸ்க்கா" என்று சொல்லி வகுப்புக்குப் போனாள். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

பதிவை அழித்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அன்று மத்தியானம் ஸ்ரீஜாவுக்கு போன் போட்டேன். அவள் திருப்பரங்குன்றத்துக்காரி, இப்போது பெங்களூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். அறுபதாயிரம் பேர் பின்தொடரும் பெரிய கை. என் ஹேஷ்டேகை ஊரெல்லாம் கொண்டுபோனது அவள்தான். எங்களுக்குள் ஒரு வருஷமாகப் பேச்சு உண்டு, என்றாலும் அவளுக்கும் என் நிஜப்பெயர் தெரியாது.

"அழிச்சிரலாம்னு நெனைக்கிறேன் ஸ்ரீஜா. அந்தப் பொண்ணு மாட்டிக்கிட்டா."

"ஐயோ, இப்பப் போயா? அழிச்சா நம்ம தோத்துட்டோம்னு அர்த்தம். இது இப்ப உங்களோடது மட்டும் இல்ல. நாளைக்கு ஒரு டிவில பேசக் கூப்பிட்டிருக்காங்க."

"அவ போட்டோவ அனுப்பிருவேன்னு சொல்றான்."

"அப்ப அவன் பேரப் போடுங்க. முழுசா உடைங்க. பயந்தா பயந்துகிட்டேதான் இருக்கணும். சர்வைவர் வெளிய வந்து பேசினா நாங்க அம்புட்டு பேரும் கூட நிப்போம்."

கூட நிற்பார்கள். நான் நம்புகிறேன். போனில் நிற்பார்கள். ஆன்சியின் அம்மா கதவைத் திறக்கிற நேரத்தில் அந்த வாசலில் ஸ்ரீஜா நிற்க மாட்டாள். அதைவிட மோசம், ஸ்ரீஜா பேசியது ஒவ்வொன்றும் போன வாரம் நான் பேசியது. என் வசனத்தை எனக்கே திருப்பிச் சொன்னால் என்ன பதில் சொல்வது? வெட்கமாக இருந்தது. 'அப்புறம் கூப்பிடுறேன்' என்று வைத்துவிட்டேன்.

மூன்று நாள் இருப்புக்கொள்ளவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் எழுந்து நிற்கத் தோன்றியது. நின்றால் இறங்கி நடக்கத் தோன்றியது. ஒரு நாள் சிம்மக்கல்லில் இறங்கி வீடு வரைக்கும் நடந்தேன், செருப்பு வார் அறுந்துபோனது. டி.சி.யில் ஒரு பிள்ளையின் பிறந்த தேதி இருக்க வேண்டிய இடத்தில் அன்றைய தேதியை எழுதி, ஹெட்மிஸ்ட்ரஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் ஆன்சியை ரெக்கார்டு ரூமுக்குக் கூப்பிட்டேன்.

"காரச்சட்னி நான்தான்" என்றேன்.

அவள் பக்கத்திலிருந்த பதிவேட்டுக் கட்டின் மேல் மெதுவாக உட்கார்ந்தாள். வெளியே பிள்ளைகள் வேனில் ஏறுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. 

"திங்கக்கிழமை எனக்குத் தண்ணி குடுத்தீங்களே, அப்பவும் நீங்கதானா?"

"ஆமா."

"உங்களுக்கு அது ஹேஷ்டேக். எனக்கு அது என் ஒடம்புக்கா." அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "நான் சொல்றதுக்கு ஒரு வாரம் யோசிச்சு வச்சிருந்தேன். ஷைலா லேபுக்கே போயி, ரத்தம் குடுக்கிற மாதிரி உக்காந்து சொல்லிரலாம்னு இருந்தேன். இனி நான் போயி என்னத்தச் சொன்னாலும் காரச்சட்னி ஆளுன்னுதான் பாப்பா. என் வாயில இருந்தத நீங்க எடுத்துட்டீங்க."

"அழிச்சிர்றேன் ஆன்சி. இப்பவே."

"அழிக்காதீங்க! அவன் மெரட்டினதும் அழிஞ்சா நான்தான்னு ஆயிரும். அடுத்து இன்னொண்ணு கேப்பான். அதுகூடத் தெரியாதா உங்களுக்கு?"

எனக்குத் தெரியவில்லை. பத்தாயிரம் பேருக்குப் புத்தி சொன்னவளுக்கு அது தெரியவில்லை.

"அப்ப நான் என்ன செய்யட்டும்?"

"நீங்க ஒண்ணும் செய்யாதீங்க" என்று சொல்லிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஒன்றும் செய்யாமல் இருக்க எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் புரிந்தது. எழுதியது அவள் இல்லை என்று ஜெர்சனுக்கு உறைக்க வேண்டுமென்றால், எழுதியவள் தன் முகத்தைக் காட்ட வேண்டும். ஐயர்தான் எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் தாளாளர். காட்டினால் வேலைக்கு ஆபத்து.  சனிக்கிழமை முழுக்கத் துவைத்த துணியையே திரும்பத் துவைத்தேன்.

குருத்தோலை ஞாயிறு. பிள்ளைகள் குருத்தோலையை ஆட்டிக்கொண்டு பவனி வந்து முடித்து, வியர்த்து வழிந்து உட்கார்ந்தார்கள். சர்ச்சு நிரம்பி வெளிப் பந்தல் வரைக்கும் ஆள். ஜெர்சன் பீடத்துக்கு இடப்பக்கம் கீபோர்டுக்குப் பின்னால், எங்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். பாடகர் குழுவில் ஷைலாவும் நின்றாள், புதிதாகச் சேர்த்திருந்தார்கள். ஆன்சி என் பெஞ்சுதான். ஆனால் என் பக்கத்தில் உட்காராமல் இரண்டு ஆள் தள்ளி உட்கார்ந்தாள். பச்சைச் சேலை. என் பக்கம் திரும்பவே இல்லை.

ஐயர் மூன்றாம் ஓலையை எடுத்தார். பெயர்களை வாசித்தார். "தடை உண்டென்று அறிந்தவர்கள்..." என்றார்.

நான் எழுந்து நின்றேன். முழங்கால் முன் பெஞ்சில் இடித்தது.

ஐயர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "என்னம்மா ஞானம், ஒடம்பு சரியில்லையா?" என்று மைக்கிலேயே கேட்டார். பாவம், அவருக்கும் இது முதல் தடவை.

"தடை இருக்கு ஐயரே."

மின்விசிறிச் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. "காரணம்?" என்றார் அவர்.

"காரணம் இருக்கு. ஆனா அது என்னுது இல்ல. அதச் சொல்ற உரிமை எனக்கு இல்ல. காரச்சட்னிங்கிற பேர்ல எழுதினது நான்தான், வேற யாரும் இல்ல. சம்பந்தப்பட்டவங்களக் கேக்காம எழுதினேன். அது என் தப்பு. ஆனா எழுதினது பொய் இல்ல."

'காரச்சட்னி' என்றதும் பந்தலில் யாரோ சிரித்தார்கள். இன்னொருவர் "உக்காரச் சொல்லுங்கய்யா அந்தம்மாவ" என்று கத்தினார். சபை மூப்பர் இரண்டு பேர் எழுந்து என் பெஞ்சுப் பக்கம் நடந்தார்கள். முந்நூறு பேர் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார்கள். நான் குருத்தோலையைப் பிடித்துக்கொண்டேன்.

"காரணம் சொல்லாத தடை, தடை ஆகாதும்மா. உக்காருங்க" என்றார் ஐயர். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. நான் உட்கார்ந்தேன். "இது மூன்றாம் ஓலை" என்று அவர் முடித்தார். ஓலை நிறைவேறிவிட்டது. பாட்டுப் பாடினார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் ஆன்சி எனக்காக நின்றாள். எனக்கு ஒரு அசட்டு நம்பிக்கை, நன்றி சொல்லப் போகிறாள் என்று.

"நீங்க எந்திரிச்சதுல எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லக்கா" என்றாள். "நேத்து சாயங்காலமே எங்கம்மாட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். போட்டோ, புள்ளி, எல்லாம். அம்மா ரெண்டு அடி போட்டாங்க. அப்புறம் என்னைக் கட்டிக்கிட்டு அழுதாங்க. நாளன்னைக்கு சைபர் கிரைம்ல போயி எழுதிக் குடுக்கப் போறோம். இனி அவன் அனுப்புறதுக்கு ஆள் இல்ல."

சொல்லிவிட்டுப் போகத் திரும்பியவள், "ஷைலாதான் பாவம்" என்றாள்.

சாயங்காலம் என் கணக்கில் சொந்தப் பெயரைப் போட்டு நடந்ததை எழுதினேன். லெந்து, தேதி, தண்ணீர் கொடுத்தது, எல்லாவற்றையும். ஆன்சி பெயர் இல்லாமல், அவளுக்கு அனுப்பிக் காட்டி, 'சரி' என்று ஒரு சொல் வந்த பிறகு. ஸ்ரீஜா வருத்தப்பட்டாள். 'இதை எதிரிகள்தான் உபயோகப்படுத்துவார்கள்' என்றாள். அவள் சொன்னதும் தப்பில்லை, ஒரு மணி நேரத்தில் உபயோகப்படுத்திவிட்டார்கள். தறிக்காரியை பிளாக்கிலிருந்து எடுத்து மன்னிப்புக் கேட்டேன். அவளிடமிருந்து பதில் வரவில்லை.

திங்கட்கிழமை காலை என் மேஜையில் மெமோ இருந்தது. சபை ஒழுங்கைக் குலைத்ததற்கும், பள்ளியின் நற்பெயருக்குக் களங்கம் உண்டாக்கியதற்கும் மூன்று நாளைக்குள் விளக்கம் தர வேண்டும். இப்படிப்பட்ட மெமோக்களை இருபது வருஷமாக டைப் அடித்தவள் நான். இதை எனக்குத் தெரியாமல் யார் அடித்தார்கள் என்று பார்த்தேன், இரண்டு பிழை இருந்தது. விளக்கம் எழுத வெள்ளைத்தாள் இரண்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வாசலில் நிழல் தெரிந்தது.

ஷைலா. லேப் கோட்டைக் கையில் மடித்துப் பிடித்திருந்தாள். என்னைத் திட்டத்தான் வந்திருக்கிறாள், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று எழுந்து நின்றேன்.

"நேத்து நீங்க எந்திரிச்சப்ப எல்லாரும் உங்களப் பாத்தாங்க" என்றாள். "அவரு மட்டும் உங்களப் பாக்கல. உங்க பெஞ்சுல பச்சை சேலை கட்டியிருந்தாங்கள்ல, அவங்களப் பாத்தாரு. ஒரு மாதிரி பாத்தாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். அவங்க இங்க டீச்சர்னு சொன்னாங்க. எந்த கிளாஸ்?"

வாய் வரைக்கும் வந்துவிட்டது. மூன்றாம் வகுப்பு, மாடியில் கடைசி ரூம். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"இங்கன உக்காருங்க. கேட்டுட்டு வாரேன்" என்றேன்.

மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியது. ஆன்சி கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று சொன்னேன்: "ஷைலா வந்திருக்கா. நான் ஒண்ணும் சொல்லல. அவளே பாத்துக் கண்டுபிடிச்சிருக்கா. பேசுறியா, வேண்டாம்னு அனுப்பிரட்டுமா?"

ஆன்சி என்னைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் அவள் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான். சாக்பீஸை என் கையில் வைத்தாள்.

"ஏழு வரைக்கும் முடிச்சாச்சு. எட்டாம் வாய்ப்பாடு சொல்லிக் குடுங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே போனாள்.

முப்பத்தைந்து பிள்ளைகள். "ஓரெட்டு எட்டு" என்று கத்தினார்கள். நான் ஜன்னலுக்கும் பலகைக்கும் நடையாய் நடந்தேன். இருவரும் போன ரெக்கார்டு ரூமின் கதவு அங்கிருந்து தெரியும். மூடியிருந்தது. உள்ளே யார் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, இன்றுவரை கேட்கவும் இல்லை. பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுக்கவில்லை. எட்டாம் வாய்ப்பாடு நாலு சுற்று முடிந்து, ஒன்பதாம் வாய்ப்பாட்டில் பாதி போனபோது கதவு திறந்தது.

ஷைலா படியேறி வகுப்பு வாசலுக்கு வந்தாள். பின்னால் ஆன்சி. இருவர் கண்ணும் சிவந்திருந்தது. ஷைலா முகத்தை லேப் கோட்டால் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு வெள்ளைத்தாள் கிடைக்குமாக்கா? ஐயருக்கு எழுதணும். பேனா இருக்கு."

கீழே போய் என் மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்துவந்து கொடுத்தேன். அவள் அதை வாங்கி வகுப்பு மேஜையில் வைத்து, பேனா மூடியைக் கழற்றிவிட்டு, எழுதாமல் நின்றாள்.

"காரணம் இல்லாம எடுத்துக்க மாட்டாருன்னு நேத்து சொன்னாருல்ல. இவங்க பேர எழுத மாட்டேன். 'எனக்கு விருப்பம் இல்லை'ன்னு மட்டும் எழுதினா அது காரணமாகுமா?"

பிள்ளைகள் வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆன்சியும் என்னைத்தான் பார்த்தாள்.

"ஆகும்" என்றேன். "கீழ உங்க பேரப் போட்டு, கையெழுத்து போடுங்க. அத மட்டும் மறந்துராதீங்க."